கணக்குக் காட்டுமா கணிப்பொறி?

(மூன்றாமாண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவன், ஐயங்கார்குளம்)



இந்த ஆண்டு மலருக்குக் கவிதை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மூன்றாம் நாளே பதினோரு கவிதைகள் வந்து சேர்ந்தன. மலர்க் குழுவுக்கு ஒரே சந்தோஷம். கேன்டீனில் உட்கார்ந்து படித்தோம். ஏழு கவிதைகளில் 'மௌனத்தின் சிறகுகள்' இருந்தன. மெக்கானிக்கல் பையனுக்கும் சிவில் பெண்ணுக்கும் ஒரே வாரத்தில் ஒரே மௌனம், ஒரே சிறகு! ஏதாவது காதல் விவகாரமோ என்று விசாரித்தால், காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை. ஏழு பேரும் செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கி, கையெழுத்தை மட்டும் சொந்தமாகப் போட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால், சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. போன வருஷம் வெளியே நடந்த ஒரு கட்டுரைப் போட்டிக்கு 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நானும் இதே வேலையைத்தான் செய்தேன். இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு! வீட்டுக்கு வந்து பாட்டிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "பெருமாள் தெப்பத்தில் அசைந்து வருகையில்..." என்ற இடத்தில் பாட்டி நிறுத்தினார். "இது எந்த ஊர்டா?" என்றார்.

எங்க ஊர் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் ஐயங்கார்குளம் வருவார். அவர் இறங்குவது தெப்பத்தில் இல்லை, நடவாவிக் கிணற்றில். படிக்கட்டு வழியாகப் பூமிக்கு அடியில் போனால் தூண்கள் வைத்த மண்டபம், அதற்கு நடுவே கிணறு. வருஷம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் மண்டபம் அது. விழாவுக்கு முன்னால் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். ஈரக் கல்லில் கால் வழுக்க வழுக்க, பின்னால் வரும் கூட்டம் நெருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சின்ன வயசிலிருந்து இறங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், எங்கேயோ இருக்கிற மெஷினிடம் என் ஊர்த் திருவிழாவைக் கேட்டு எழுதி, அது தப்பாகச் சொன்னதைக்கூடக் கவனிக்காமல் பரிசு வாங்கி வந்திருக்கிறேன். மூன்றாம் பரிசு வாங்கிய பெண் தன் வீட்டுத் தறிக்கு ஆயுத பூஜை போடுவதைப் பற்றித் தானே எழுதியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டிக்கொண்டவன் போட்டுப் பார்த்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி எழுதுகிறது?

சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. இந்த வகை இயந்திரத்தின் அடிப்படை வேலை ஒன்றுதான். இதுவரை வந்த எழுத்துத் துண்டுகளைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர அதிக வாய்ப்பு என்று கணக்கிடுவது. நம்ம கணிதப் பாடத்தில் வரும் நிகழ்தகவுதான், பிரம்மாண்டமான அளவில். 'மழை' என்றால் பக்கத்தில் 'மண்வாசனை', 'மௌனம்' என்றால் பக்கத்தில் 'சிறகு'. பலரும் எழுதியதன் நடுமையத்தை நோக்கியே அது இழுக்கும். ஏழு கவிதையும் ஒன்றாக இருந்ததற்கு வேறு மாயமந்திரம் எதுவும் இல்லை.

தமிழுக்கு இன்னொரு கஷ்டம். 2020ல் வந்த ஜிபிடி-3 படித்த சொற்களில் 92 சதவீதத்துக்கு மேல் ஆங்கிலம். மீதியை உலகத்து மொழிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு வந்தவை எவ்வளவோ தேவலாம். ஆனாலும் ஐயங்கார்குளத்தைப் பற்றி வலையில் இருப்பது நாலு பக்கம்தான் என்றால், அஞ்சாவது பக்கத்தை அது ஊகித்துத்தான் எழுதும். 'தெரியாது' என்று வாயைத் திறந்து சொல்ல அதற்குச் சுலபத்தில் வராது. வைவாவில் நாம் அடித்து விடுவோமே, அதே கதை!

ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டலில் வெண்பா கேட்டுப் பார்த்தோம். ஈற்றடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு சீர், தளை தட்டக் கூடாது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் படித்ததுதான். வந்தது பார்வைக்கு வெண்பா மாதிரி நாலு வரி. தளை எல்லாம் தட்டோ தட்டு. அது எழுத்தைத் துண்டு போடும் முறைக்கும் நேரசை நிரையசைக்கும் சம்பந்தமே இல்லை. இது ஒருநாள் சரியாகிவிடலாம். அதனால் 'மெஷினுக்கு வெண்பா வராது' என்று மார்தட்டிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. வெண்பா வந்தபிறகும் நிற்கப்போகும் கேள்விகள் வேறே.

ஒரே கருவி, மூன்று கதை

2024 பிப்ரவரியில் 'லால் சலாம்' படம் வந்தது. அதில் 'திமிறி எழுடா' பாட்டில் ஷாகுல் ஹமீது குரலும் பம்பா பாக்யா குரலும் கேட்கும். ஷாகுல் ஹமீது 1997லேயே விபத்தில் இறந்துவிட்டார். பம்பா பாக்யா காலமானது 2022ல். இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் உருவாக்கியிருந்தார்கள். இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார்.

அதே நேரத்தில் இன்னொரு தகராறு. 2023ல் வந்த தெலுங்குப் படம் 'கீடா கோலா'. அதில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரலை ஏ.ஐ.யில் செய்து பயன்படுத்தியிருக்கிறார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை என்று அவர் மகன் எஸ்.பி.பி.சரண் 2024ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பாடும் நிலா மறைந்தது 2020 செப்டம்பரில். கருவி ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை என்பது புகார்.

மூன்றாவது கதை 2025 ஆகஸ்டில். தனுஷ் நடித்து 2013ல் வந்த 'ராஞ்சனா', தமிழில் 'அம்பிகாபதி'. கதாநாயகன் கடைசியில் இறந்துபோவான். அந்த முடிவை ஏ.ஐ. கொண்டு மாற்றி, அவனைப் பிழைக்க வைத்து, தமிழ்ப் பதிப்பை மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல்.ராய் எதிர்த்தார். நடித்த தனுஷும், பன்னிரண்டு வருஷம் முன்னால் தான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்று அறிக்கை விட்டார். ஈரோஸ் நிறுவனமோ, படத்தின் உரிமை எங்களிடம் இருக்கிறது என்றது. காசு கொடுத்து வாங்கியவனுக்குப் படம் சொந்தம், சரி. கதாநாயகன் சாவும் சொந்தமா?

முதல் கதையிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குடும்பம் சம்மதித்தது, பணமும் போய்ச் சேர்ந்தது, நல்லது. செத்துப்போனவர் சம்மதித்தாரா? உயிரோடு வாய்ப்புக்கு அலைகிற ஒரு புதுப் பாடகன் இடத்தில் இறந்தவர் பாடினால் அவன் எங்கே போவான்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ரஹ்மான் செய்ததில் ஒரு முறை இருக்கிறது: யாருடையது, யாரைக் கேட்டோம், என்ன கொடுத்தோம் என்ற மூன்றையும் வெளியே சொன்னார்.

கணக்கு என்றதும் நம்ம பக்கத்துக் கல்வெட்டு ஒன்று ஞாபகம் வருகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் டூர் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். முப்பது குடும்பு, வயசு 35க்கு மேல் 70க்குள் என்று மனப்பாடம் செய்திருப்போம். அதிலே ஒரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவன் உறவுக்காரர்கள் பெயரையும் கூடாது. பிறர் பொருளை அபகரித்தவனுக்கும் இடம் இல்லை. ஊர்ச் சொத்தைக் கையாண்டவன் கெட்டிக்காரனா என்பதற்கு முன்னால், கணக்குக் காட்டினானா என்று கேட்டிருக்கிறார்கள்.

படம் வரையும் ஏ.ஐ.களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பயிற்றுவிக்க 2022ல் வலையிலிருந்து திரட்டிய 'லயான்-5பி' தொகுப்பில் 585 கோடிப் படங்களின் முகவரியும் குறிப்பும் இருந்தன. வரைந்தவர்களையும் போட்டோ எடுத்தவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டா சேர்த்தார்கள்? 2025 மார்ச்சில் நாம் எல்லோரும் ஜிப்லி பாணியில் நம் மூஞ்சியைப் போட்டுக்கொண்டோமே, அந்த ஜப்பானிய ஸ்டூடியோ 1985லிருந்து கையால் வரைந்து வரைந்து உண்டாக்கிய பாணி அது. நம்ம பிளாக்கில் படம் போடாதவன் யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

சித்தப்பாவின் கிராஃப் தாள்

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். என் சித்தப்பா பட்டு நெய்கிறவர், டிசைனும் போடுவார். போன ஆடி மாசம் ஒரு கடைக்காரர் செல்போனில் ஒரு புடவைப் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார். ஏ.ஐ. போட்ட படம். பார்க்க அசந்துவிடுவீர்கள்! முந்தியிலிருந்து மயில் தோகை வழிந்து, கரையைத் தாண்டி, உடலுக்குள் ஓடுகிறது.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடது கரையில் இருந்த கோபுரமும் வலது கரையில் இருந்த கோபுரமும் வேறு வேறு அளவு. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் தனித்தனி நிறம், தனித்தனி நாடா. மூன்று நாடா ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை கோத்துத்தான் நெய்ய முடியும். தோகை பாட்டுக்குக் கரையைத் தாண்டி ஓடினால் எந்தப் பாவில் ஓடும்? படத்தில் நூல் கிடையாது, நிறம் மட்டும்தான். தறிக்கு அது வர வேண்டுமானால் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக, ஒரு கட்டம் ஒரு இழை என்று மாற்றி, அப்புறம் ஜக்கார்டு அட்டை குத்த வேண்டும். தோகையை எங்கே வெட்டுவது, எங்கே மடக்குவது, ஜரிகை எவ்வளவு தாங்கும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்டு முடித்தார்.

கூலி பேசும்போது கடைக்காரர் சொன்னார்: "டிசைன்தான் நான் குடுத்துட்டேனே, அதுக்கு எதுக்குய்யா தனிக் காசு?"

அன்றைக்கு சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அந்த மயிலை மெஷின் எங்கே பார்த்தது? காஞ்சிபுரத்துக்காரர்கள் நெய்து, கடைக்காரர்கள் போட்டோ எடுத்து, வலையில் போட்ட ஆயிரக்கணக்கான புடவைகளில் பார்த்தது. இவர்களிடமிருந்து போனது இவர்களிடமே 'இலவச டிசைன்' என்று திரும்பி வந்து, இவர்கள் கூலியையே குறைக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005லேயே கிடைத்துவிட்டது. அது பெயரைக் காப்பாற்றும். கிராஃப் போட்டவரின் கூலியைக் காப்பாற்றாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஐச் சேர்ந்தது. 1994 திருத்தத்தில், கணிப்பொறியால் உண்டாகும் படைப்புக்கு அதை உண்டாகச் செய்த நபரே ஆசிரியர் என்று சேர்த்தார்கள். அப்போது யார் கண்டார் இந்தக் கூத்தை! பட்டனைத் தட்டியவரா, மெஷினைச் செய்தவரா, அதற்குத் தீனியான எழுத்தை எழுதியவரா? அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மனிதன் இல்லாமல் இயந்திரம் மட்டும் செய்ததற்குப் பதிப்புரிமையே இல்லை என்றது. குரல் விஷயத்தில் நம் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்கு ஆதரவாக, அனுமதியின்றி அவர் குரலை ஏ.ஐ.யில் நகல் செய்யத் தடை போட்டது.

கணக்குக் கேட்டால் கிடைக்காமலும் இல்லை. திருட்டுப் பதிப்புகளை இறக்கிச் சேர்த்து வைத்திருந்ததற்காக ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனம் மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கில், 2025 செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3000 டாலர். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. முறையாக வாங்கிய புத்தகங்களைக் கொண்டு பயிற்றுவித்தது தவறில்லை என்றும் அதே வழக்கில் நீதிபதி சொல்லியிருந்தார்.

மாணவர் சங்க மலர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஹாலிவுட் கதாசிரியர் சங்கம் 2023ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. முடிவில் கிடைத்த ஒப்பந்தத்தில், ஏ.ஐ.யை ஆசிரியராகக் கருதக் கூடாது, எழுத்தாளனை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏ.ஐ. எழுதியதைக் கையில் கொடுத்தால் அப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வந்தது. எழுத்தாளன் விரும்பினால், கம்பெனி சம்மதத்தோடு பயன்படுத்திக்கொள்ளலாம். சங்கம் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. சித்தப்பா மாதிரி வீட்டில் தனியாக உட்கார்ந்து கிராஃப் போடுபவருக்கு யார் ஒப்பந்தம் போடுவார்கள் என்று தெரியவில்லை.

நம்ம மலரில் என்ன செய்தோம்?

ஏழு கவிதையையும் குப்பையில் போடு என்றார்கள் சிலர். கணிப்பொறி யுகத்தில் இதெல்லாம் சகஜம், அப்படியே அச்சடி என்றார்கள் சிலர். ஒரு மாலை முழுக்கச் சண்டை, டீ மட்டும் மூன்று ரவுண்டு. நான் என் எவர்சில்வர் தட்டுக் கதையை அங்கேதான் முதல் தடவையாகச் சொன்னேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். எழுத்துப் பிழை பார்க்க, ஆங்கிலக் கட்டுரையைப் புரிந்துகொள்ள, தலைப்புக்கு யோசனை கேட்க ஏ.ஐ.யைப் பயன்படுத்தலாம், ஆனால் எதற்குப் பயன்படுத்தினோம் என்று அடியில் ஒரு வரி போட வேண்டும். மெஷின் எழுதிய வரியைத் தன் வரி என்று கொடுக்கக் கூடாது. இன்னொருவர் பாணியிலோ குரலிலோ முகத்திலோ செய்ததை அவரைக் கேட்காமல் போடுவதில்லை. மலர் அட்டைக்கு ஏ.ஐ. படம் வேண்டாம் என்று சிவில் இரண்டாமாண்டு நண்பர் ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்தோம். விரல் சரியாக வரவில்லை என்று நாலு தடவை அழித்தார்.

ஏழு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். நாலு பேர் கவிதையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் எங்களோடு பேசுவதில்லை. மூன்று பேர் வேறு எழுதிக் கொடுத்தார்கள். அதில் மெக்கானிக்கல் பையன், செமஸ்டர் பீஸ் கட்ட வந்த அப்பாவின் டி.வி.எஸ். 50 பாலாற்றுப் பாலத்தில் நின்றுபோன கதையைப் பதினாறு வரியில் எழுதியிருக்கிறான். இரண்டு இடத்தில் ஒற்று தப்பு, ஒரு வரி நீளம். திருத்தட்டுமா என்று கேட்டதற்கு, ஒற்றை மட்டும் போடுங்க, வரியில கை வைக்காதீங்க என்றான். அப்படியே அச்சாகியிருக்கிறது.