மணிக்கட்டில் எரியும் பச்சை விளக்கு

சென்னை அம்பத்தூரில், மேனாம்பேட்டிலிருந்து கருக்கு பக்கம் போகும் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு நடந்தால், எதிரே வருகிறவர் முகம் தெரிவதற்கு முன்னால் அவர் மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் தெரிகிறது. கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் சாலையைப் பிடித்துக்கொள்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான் இங்கே நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் மைதானம். எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், ஐ.டி. வேலைக்குப் போகிறவர், ரிட்டயர் ஆனவர் என்று பலர் கையிலும் இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் ஏறிவிட்டது. சந்தித்ததும் கேட்கும் முதல் கேள்வியே, “இன்னைக்கு எவ்ளோ போச்சு?” என்பதுதான்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். வயது 61. லேத் பட்டறையிலேயே காலம் கழித்தவர். மகன் வாங்கித் தந்த வாட்சைக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எவ்வளவு வேகமாகக் கைவீசி நடந்தாலும் எண் 105-ஐத் தாண்டவில்லை. “ஹார்ட்டு இரும்பு மாதிரி இருக்கு தம்பி” என்று பூரித்தார். பிறகு செல்போன் செயலி அவர் வயதுக்கு 125 வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறது. அதைத் தொட்டே தீருவது என்று ஓட ஆரம்பித்தார். நான்காவது நாள் தலை சுற்றி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச் அப்போதும் 112 என்றது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் காலைதான். வாட்சில் தெரியும் எண்ணைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் ஆபத்தில்லாதவை. சில அப்படி இல்லை.

“220-இலிருந்து வயதைக் கழித்தால் நம் உச்சத் துடிப்பு”

பல வாட்சுகளுக்கும் செயலிகளுக்கும் அடித்தளம் இந்தக் கணக்குதான். ஜிம் சுவரிலும் ஒட்டியிருக்கும். டி.எம்.டி. பரிசோதனையில் டிரெட்மில்லில் ஏற்றும்போது வைக்கும் 85 சதவீத இலக்கும் இதிலிருந்தே வருகிறது. இவ்வளவு இடத்தில் புழங்குவதால் இது பெரிய ஆய்வொன்றில் பிறந்த விதி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெல் முதலியோரும் 1971-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஏற்கெனவே வந்திருந்த சில ஆய்வுகளின் எண்களை ஒரே படத்தில் புள்ளிகளாக வைத்து, கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிந்த ஒரு கோட்டைப் போட்டார்கள். மனதில் நிற்க எளிதாக இருந்ததால் அந்தக் கோடு உலகம் முழுக்கப் பரவியது.

2001-இல் தனாகா, மொனஹன், சீல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 351 ஆய்வுகளை, அதாவது 18,712 பேரின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கணக்கு வேறு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டு கணக்கும் 180 என்றே சொல்லும். அறுபதில் பழைய கணக்கு 160 என்கிறது, புதியது 166. இளைஞர்களுக்கு இது தலைகீழ்: இருபது வயதில் பழையது 200, புதியது 194.

இந்த ஆறு துடிப்பு வித்தியாசத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது சராசரிதான். ஒரே வயதுடையவர்களின் உண்மையான உச்சத் துடிப்பு அந்தச் சராசரியிலிருந்து பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது வெகு சாதாரணம். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு 165, அவரோடு ஓடுகிற அதே வயது நண்பருக்கு 195 என்றால் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை. உயரம் மாதிரி, காலணி அளவு மாதிரி, இது ஆளுக்கு ஆள் அமைவது. உடற்பயிற்சியால் உச்சத் துடிப்பு ஏறுவதும் இல்லை. ஆகவே நண்பர் 172-இல் சிரித்துப் பேசிக்கொண்டு ஓடுகிறாரே, நமக்கு 160-லேயே நாக்கு தள்ளுகிறதே என்று மனம் குன்ற வேண்டியதில்லை. அவருடைய 172-ம் உங்களுடைய 160-ம் ஒரே உழைப்பாக இருக்கலாம்.

“வாட்ச் நாடியைப் பிடித்துப் பார்க்கிறது”

நாடி பார்க்கிற சித்த வைத்தியர் மூன்று விரலை வைப்பது மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே. அங்கே தமனி தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. வாட்ச் உட்கார்ந்திருப்பதோ புறங்கைப் பக்கம். அங்கே அதற்குக் கிடைப்பது தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய குழாய்கள் மட்டும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் குழாய்களில் இரத்தம் கொஞ்சம் கூடிக் குறைய, திரும்பி வரும் பச்சை ஒளியும் கொஞ்சம் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் சொல்கிறது. மார்பில் கட்டும் பட்டை இப்படி அல்ல. அது ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் விற்க ஆரம்பித்த கம்பியில்லாக் கருவி அந்த வகைதான். இன்றும் ஓட்டத்துக்கு அதைவிடத் துல்லியமானது கடையில் இல்லை.

பச்சை ஒளியின் பெரிய எதிரி அசைவு. ஓடும்போது கை வீசுவதாலும் கால் தரையில் மோதுவதாலும் குழாய்களில் இரத்தம் குலுங்குகிறது. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடுபவர்களின் வாட்ச், சில நேரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். ஓட ஆரம்பித்து இரண்டே நிமிடத்தில் 174 காட்டி, மூச்சு சுகமாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வாட்சைத்தான். ஓட்டத்தை விட்டு நடந்து பாருங்கள். உண்மையான துடிப்பு மெல்ல மெல்ல இறங்கும். காலடியை எண்ணிக்கொண்டிருந்த வாட்ச் சட்டென்று ஐம்பது அறுபது கீழே விழும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணத்தையும் பார்க்கிறேன். கோயில் கயிறு. வாட்சின் அடியிலேயே கறுப்புக் கயிறும் சிவப்புக் கயிறும் இரண்டு சுற்று இருக்கும். வாட்ச் தோலில் ஒட்டாமல் தூக்கி நிற்கும். இடையில் வெளிவெளிச்சம் புகுந்து அளவு கெடும். கயிற்றைக் கழற்ற வேண்டாம், வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, வழுக்காத அளவு இறுக்கிக் கட்டினால் போதும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள், மை ஒளியை விழுங்கிவிடும். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்த ஊர் அம்பத்தூர். இங்கே சைக்கிள் மிதிப்பவர்களும் அதிகம். ஹேண்டில்பாரில் மணிக்கட்டு மடங்கி, மேடு பள்ளத்தில் அதிரும்போது வாட்ச் தடுமாறுவது சகஜம்.

நம் நிறத்துக்கு இந்த வாட்ச் சரிப்படாது என்றும் சிலர் சொல்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பல தோல் நிறத்தவரிடம் சோதித்தபோது, துடிப்பு அளவில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவால் ஏற்பட்ட பிழைதான் அதிகம். ஆனால் ஆக்சிஜன் அளவு வேறு கதை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டர், கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அதே ஆண்டு வெளியான மருத்துவமனை ஆய்வொன்று எச்சரித்தது. வாட்ச் காட்டும் ஆக்சிஜன் எண்ணை நம்பி மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யக் கூடாது.

“துடிப்பு ஏறவில்லை என்றால் இதயம் பலமாக இருக்கிறது”

அண்ணனிடம் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். மெட்டோப்ரோலால். அட்டெனோலால் போல இதுவும் பீட்டா பிளாக்கர் வகை. ஓடும்போதும் பயப்படும்போதும் உடலில் சுரக்கும் அட்ரினலின் “வேகமாய் அடி” என்று இதயத்துக்குச் சொல்லும் கட்டளையைத் தடுப்பதே அதன் வேலை. துடிப்பைக் கட்டிப்போடும் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு 125-ஐத் தொட முயன்றால், வாட்ச் கேட்கும் எண்ணுக்காக உடம்பு தாங்க முடியாத வேலையைச் செய்ய நேரிடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

பிரஷர் மாத்திரை எல்லாமே இப்படி இல்லை. பலர் சாப்பிடும் அம்லோடிபின் துடிப்பைக் குறைப்பதில்லை. உங்கள் அட்டையில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் என்றால் வாட்சின் இலக்கு எண்களும் 220 கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. எண் ஏறட்டும் என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

நீண்ட காலமாகச் சர்க்கரை உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். இதயத்துக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டால், சும்மா இருக்கும்போது துடிப்பு அதிகமாகவும் உடற்பயிற்சியில் ஏற வேண்டிய அளவு ஏறாமலும் இருக்கும். அது பலத்தின் அடையாளம் இல்லை.

இவர்களுக்கெல்லாம் நான் சொல்வது பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று நான்கு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியாது என்றால் அது மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கேட்பது இந்த உழைப்பைத்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

“போன மாதம் ஓடிய அதே வேகம், துடிப்பு மட்டும் கூடிவிட்டது, ஸ்டாமினா போய்விட்டது”

சென்னையில் ஓடுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் தவறாமல் சொல்லும் கவலை இது. ஜனவரிக் காலையில் 145-இல் ஓடிய அதே வேகம், கத்திரி வெயில் காலத்தில் விடியலிலேயே 160 கேட்கும். உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆறாமல் சொட்டுகிறது, அதனால் பாரம் இன்னும் கூடும். வாட்ச் உண்மையிலேயே உதவும் இடம் இது என்பேன். வெயில் காலத்தில் வேகத்தைப் பார்க்காமல் துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். பழைய 145-இலேயே நின்று, வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள். தெருநாய் துரத்தினால் ஏறும் இருபது துடிப்புக்கும், தூங்காத இரவுக்கும், அப்போதுதான் குடித்த காபிக்கும் கணக்கில் இடம் விடவேண்டும்.

கலோரி எண்ணைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் துடிப்பைச் சுமார் ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93. வாட்ச் 400 கலோரி என்றது என்பதற்காக ஓட்டம் முடிந்ததும் ஒரு செட் பூரி சாப்பிடும் கணக்கு சரிவராது. “கொழுப்பு எரியும் மண்டலம்” என்பதும் அப்படியே. மெதுவாகப் போகும்போது எரிவதில் கொழுப்பின் பங்கு அதிகம், மொத்தமாக எரிவது குறைவு. எடை குறைவது வாரம் முழுக்கச் செய்த உழைப்பையும் சாப்பாட்டையும் பொறுத்தது.

“வாட்சிலேயே ஈசிஜி இருக்கிறது, ஏதாவது என்றால் அது சொல்லும்”

இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம் தருகிறது. மருத்துவமனையில் உடம்பில் பத்து இடத்தில் ஒட்டிப் பன்னிரண்டு கோணத்தில் எடுப்பது ஈசிஜி. வாட்ச் பார்ப்பது ஒரே ஒரு கோணம். துடிப்பின் தாளம் தப்பினால், குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கேட்டை, அது பிடித்துத் தரக்கூடும். 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஆப்பிள் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அதில் ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை பெற்றவர்கள் சுமார் அரை சதவீதம். அந்த எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் இரத்தக் குழாய் அடைப்பை எந்த வாட்சும் பார்க்காது. மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிள் வாட்சின் ஈசிஜி செயலியே எழுதியிருக்கிறது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சடைப்பு ஏதாவது வந்தால், எண் 80 என்று காட்டினாலும் உடனே நில்லுங்கள், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம், அதிகச் சோர்வும் மூச்சு வாங்குவதும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். “வாட்ச் நார்மல்னு காட்டுது” என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு.

அண்ணன் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். மாத்திரை அப்படியே தொடர்கிறது, ஓட்டம் வேண்டாம், நடை போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். செயலியில் அந்த 125 இலக்கை மகன் எடுத்துவிட்டார். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே உட்கார்ந்து மூன்று விரலை வைத்து முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றைய எண்ணை எழுதி வைக்கிறார்: 58, 60, 58, 60. இடையில் காய்ச்சல் வந்த இரண்டு நாள் 70, 72. அந்த இரண்டு நாளும் அவர் நடக்க வரவில்லை. இன்று காலை வந்தார். பேரன் ஸ்கூல் கதையைக் கருக்கு வரை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே நடந்தார். வாட்சை அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.