உப்பங்கழிக்கு எந்தப் படகு?

கடல்வாழ் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கள ஆய்வுக்குப் படகு தேடும் விதம் கவலை தருகிறது. காணொளியில் பார்த்த படகையே வேண்டும் என்கிறார்கள் சிலர். சில வீடுகளில் அப்பாவே முடிவுசெய்துவிடுகிறார்: பெரிய படகு, பெரிய இன்ஜின், அதுதான் பாதுகாப்பு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பிச்சாவரத்தில் கிளைகிளையாகப் பிரியும் கால்வாய்களில் அந்தக் கணக்கு செல்லாது.

துடுப்புப் படகும் கயாக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. சுரபுன்னை வேர்கள் நெருங்கிய சந்துகளுக்கு அவைதான். தூரம் போகவும் கருவிகளை ஏற்றவும் மோட்டார் வேண்டியிருக்கிறது.

உடனே 40 குதிரைத்திறன் வெளிப்பொருத்து இன்ஜினுடன் ஃபைபர் படகைக் கேட்கிறார்கள். அலையைத் தாண்டிக் கடலுக்குப் போக அது அருமையான படகு. கழியில் அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இன்ஜினின் கனம் பின்புறத்தை அழுத்தும். விசிறியோ அடிப்பலகைக்கும் கீழே சுழலும். முழங்கால் ஆழத்தில் வேகமெடுத்தால் பின்புறம் இன்னும் தாழும். இன்ஜினைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரோடு சேறும் ஏறி, பம்பின் ரப்பர் சக்கரத்தைத் தேய்த்துவிடும். குளிர்வித்த நீரை இன்ஜின் பக்கவாட்டில் பீய்ச்சும் தாரை மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். படகு எழுப்பும் அலை கரைச்சேற்றை அரிக்கும், இளங்கன்றுகளைச் சாய்க்கும். பறவைகளை எண்ண வந்தவர் அவற்றை விரட்டிவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் பிச்சாவரம்.

தரைதட்டினால் இரண்டு பேரால் அந்த ஃபைபர் படகை நகர்த்த முடியாது. நம் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசம் சாதாரணமாக ஒரு மீட்டருக்குள்தான். அரையடி நீர்கூடப் பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சியில் தட்டினால் இன்னும் மோசம். அடுத்து வரும் நாட்களில் ஏற்றம் குறைந்துகொண்டே போகும்.

என் விருப்பம் சிறிய கேட்டமரான்: நாலு மீட்டர் நீளம், ஒடுங்கிய இரண்டு உடல்கள், நடுவில் தட்டையான தளம், குட்டைத் தண்டுடைய சிறிய மோட்டார். கொஞ்ச நீரிலும் மிதக்கும். ஓரத்தில் நின்று மண் அள்ளும் கருவியை இறக்கினாலும் சாயாது. தட்டினால் மோட்டாரைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியால் தள்ளலாம். பாரம் மிஞ்சினால் மட்டும் இந்த நன்மையெல்லாம் போய்விடும். அகலம் அதிகம் என்பதால், நீங்கள் போகவிருக்கும் மிகக் குறுகிய கால்வாயை அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டு உடல்களுக்கும் நடுவே வலைக்கயிறு சிக்கும். கத்தி கையில் இருக்கட்டும்.

எந்தப் படகானாலும் நீர் ஏறும்போது நுழைந்து, உச்சிக்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள். ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். உள்கால்வாய்களில் முகத்துவாரத்தைவிடத் தாமதமாகவே வரும்.

இந்தக் கள ஆய்வுக்குப் பொறுமை வேண்டும், நீர்மேல் பிரியமும் வேண்டும். சேற்றில் இறங்கக் கூசும் பிள்ளைக்கு ஆய்வகத்தில் மதிப்பான வேலை நிறைய உண்டு. பெற்றோர் அதைக் குறைவாக நினைக்கக் கூடாது. கழியில்தான் மனம் நிற்கிறது என்றால், வாங்குவதைத் தள்ளிப்போட்டு ஒரு பருவம் முழுக்க உள்ளூர்க்காரர்களோடு துடுப்புப் படகில் போங்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு எந்த வளைவில் மணல், எந்த வளைவில் சேறு என்று தெரியும். அவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு கால்வாயின் ஆழத்தையும் ஏற்றத்திலும் வற்றிலும் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்போடும் வனத்துறை அனுமதியோடும் படகுக் கடைக்குப் போகலாம்.