உழைத்த உடலுக்கு ஓய்வு. ஒதுங்கிய மனசுக்குத் துணை



கம்பம், தேவாரம், போடிப் பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப் வந்து நிற்கும். ஏலத்தோட்டக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். இடுக்கி மலையில் நாள் முழுக்கக் காய் எடுத்து, பொழுது சாயும்போது இறங்குவார்கள். அதன் பிறகு அடுப்பு, தண்ணீர், பாத்திரம், பிள்ளைகள். ஆண்கள் திண்ணையில் அலுப்பாறும்போது, தாய்க்கு இரண்டாவது வேலை தொடங்குகிறது.

ஒரு கிராமக் கூட்டத்தில் ஒரு கணவர் சொன்னார்: "எம் பொண்டாட்டிக்கு நோய் ஒண்ணும் இல்லைங்க. எப்பப் பார்த்தாலும் அசதிங்கிறா." அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகள்தான், "மூணு மணிக்கு சார்" என்றாள். இரத்தம் பரிசோதித்தோம். கடுமையான இரத்தசோகை! இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓய்வு ஏன் வேண்டும்?

மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடமே. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 குடும்ப நல ஆய்வு காட்டியது.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா? ஓய்வு மட்டும் போதாது. துணை சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதியுங்கள். கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயுடன் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணித் தாய்க்கு இரவில் 8 மணி நேரத் தூக்கமும் பகலில் 2 மணி நேர ஓய்வும் அவசியம்.

மனசுக்கும் ஓய்வு உண்டு

நம் ஊர்களில் முளைப்பாரி போட்டால், பெண்கள் தினமும் மாலையில் கூடிக் கும்மி கொட்டுவார்கள். அந்த நாட்களில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டில் குறை சொல்வார்கள், கேலி பேசுவார்கள், சிரிப்பார்கள். மனப்பாரம் இறங்கும். திருவிழா முடிந்ததும் அதை ஏன் நிறுத்த வேண்டும்? வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம் கூடலாம். சுயஉதவிக் குழு கூடும் நாளிலேயே, கணக்கு முடிந்த பிறகு பாடலாம், பூ கட்டலாம், கூடை பின்னலாம். கூலி ஒரு காசும் குறையாது.

கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், பிள்ளைப்பேறு இல்லாதவர், வேறு தெருக்காரர் என்று யாரையும் விலக்காதீர்கள். மலையேறி உழைப்பதில் அவர்களும் சமம். பேச ஆளில்லாத வீட்டில்தான் கவலை நோயாகிறது. "வாக்கா, நீ இல்லாம எப்படிக் கும்மி?" என்று ஒருவர் போய்க் கூப்பிட்டாலே பாதி மருந்து.

கணவன்மார் செய்ய வேண்டியவை

1. தண்ணீர் எடுப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைத் தூங்க வைப்பது: இவற்றில் இரண்டை இன்று முதல் உங்கள் பொறுப்பாக்குங்கள்.

2. சாப்பாட்டில் மனைவிக்கும் சம பங்கு வையுங்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

3. கூட்டத்துக்குப் போகும் மாலையில், "சீக்கிரம் வா" என்று ஆள் அனுப்பாதீர்கள்.

4. தூக்கமின்மை, ஓயாத அழுகை, வாழ்வில் வெறுப்பு தெரிந்தால் 14416 எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள்.

தாய்மார்களே! "நான் படுத்தா வீடு என்னாகும்?" என்கிறீர்கள். நீங்கள் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் என்னாகும்? இன்றே அரை மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள்.

தாய்க்கு ஓய்வு கொடுப்போம்! குடும்ப நலம் காப்போம்!