சேலைன் யாருக்கு?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தார்கள். பாடசாலைகள், கோவில் மண்டபங்கள், மரத்தடிகள் யாவும் நிறைந்தன. கிணறுகளும் மலசலகூடங்களும் அத்தனை பேருக்குப் போதவில்லை. பொருளாதாரத் தடையால் மருந்துகள் முன்னரே அருகியிருந்தன. இப்படியான இடத்தில் வயிற்றோட்டம் பரவினால், கையிலுள்ள பத்துப் போத்தல் சேலைனை யாருக்கு ஏற்றுவது? முந்தி வந்தவருக்கா? பங்குச் சுவாமிக்குத் தெரிந்தவருக்கா?

1971இல் கிழக்குப் பாக்கிஸ்தான் அகதிகள் நிறைந்திருந்த பொங்கான் என்ற இந்திய எல்லை நகரில் கொலரா பரவியது. நோயாளர் தரையில் கிடந்தார்கள்; சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், அப்பச்சோடா மூன்றையும் நீரில் கரைத்துப் பீப்பாக்களில் நிரப்பி, உறவினரையே பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில் இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. வாயால் குடிக்கக்கூடியவருக்கு இக்கரைசலே போதுமானால், சேலைன் குடிக்க இயலாதவருக்கு மிஞ்சும்.

காரணம் எளிது. வயிற்றோட்டக்காரருக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது உடைந்த வாய்க்காலில் இறைப்பதுபோல. சீனி சேர்ந்தால்தான் குடல் உப்பை உள்ளிழுக்கும். உப்பின் பின்னால் தண்ணீர் போகும்.

ஜீவனி பக்கற் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையேல் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்குச் சீனி 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கையால் அள்ளிப் போடவேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்து, கிள்ளிய தோல் மெல்லத் திரும்பி, குடிக்கவும் மாட்டாமல் மயங்கும் பிள்ளையை வரிசையில் நிற்கவிடாமல் உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இனி, பங்கிடுவது யார்? திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுகிறது. அதற்காகத் தெரியப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டதாகவே நான் வாசிக்கிறேன். நம் முகாம்களில் குழு என்றால் வழமையாக ஆசிரியரும் கடைக்காரரும்தான். கடைசிக் கொட்டிலில் இருக்கும் விதவைத் தாயையும் காணியில்லாத கூலிக்காரரையும் அதில் சேருங்கள். எத்தனை போத்தல் வந்தது, எத்தனை போனது என்ற கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.