பழி சென்சாருக்கு, பழுது ஒயரில்

போன ஐப்பசி மழையில் அக்காவின் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பி0135 என்று கோடு வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சுக்கா" என்று சொல்லி, புதுசு மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே கோடு. கழற்றிய பழைய சென்சாரை அக்கா கேட்டு வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நம்பிக்கை: கோடில் சென்சார் பெயர் வந்தால் சென்சார் செத்துவிட்டது.

உண்மை: பி0135 சொல்வது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர் பின், சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர், என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் கொடுக்கும் எர்த் எல்லாம் சேர்ந்தது. இதில் எது அறுந்தாலும் அதே கோடுதான் வரும். மற்ற கோடுகளும் இப்படித்தான். சிக்னல் ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால் வோல்ட் குறைவு என்று பி0131 வரலாம். ஹீட்டரின் 12 வோல்ட் சிக்னல் ஒயரில் கசிந்தால் வோல்ட் அதிகம் என்று பி0132 வரலாம். சென்சாரைக் குறை சொல்லுமுன் இவற்றைப் பார்த்தாக வேண்டும்.

சிர்கோனியா வகை சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். சைலன்சர் சூடாகும் வரை காத்திருக்காமல் அதைச் சீக்கிரம் சூடேற்றத்தான் உள்ளே ஹீட்டர். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். என்ஜின் ஆறிய பின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கிடையே ஓம் பாருங்கள். பெரும்பாலான சென்சார்களில் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டும். அக்காவின் பழைய சென்சார் 6 ஓம் காட்டியது. அதன் ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்பிக்கை: மீட்டர் பீப் அடித்தால் ஒயர் நல்ல ஒயர்.

உண்மை: இந்த நம்பிக்கைதான் அதிகப் பணத்தைத் தின்கிறது. இரண்டாம் முறை வண்டியைப் பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒயரைச் சோதிக்காமல் விடவில்லை. ஒரு முனையில் ஒரு முள், மறுமுனையில் மற்றொன்று. "பீப் வருதுக்கா, ஒயர் ஓகே" என்றார். கனெக்டர் பின்னில் 13.6 வோல்ட்டும் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மீட்டர் சோதிக்கும்போது அனுப்புவது துளிக் கரண்ட். ஒயருக்குள் இருபது இழையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். ஹீட்டருக்கோ ஆம்பியர் கணக்கில் வேண்டும்.

அதனால் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றும் இரண்டு துண்டு ஒயரும் போதும். அந்தக் கனெக்டரில் சப்ளை வரும் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பல்பைக் கொடுத்தோம். விபூதி பூசினாற்போல் மங்கலாக எரிந்தது. பல்பு எரியும்போதே மீட்டரை வைத்தால் 13.6 இருந்த இடத்தில் 5 வோல்ட் கூட இல்லை. பிறகு ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனோம். ஓரிடத்தில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. செம்பு முழுதாக உள்ளே இருந்தால் ஒயர் நீளாது. தோலைக் கீறியதும் பச்சைத் தூள் கொட்டியது. நடுவில் ஒரே ஒரு இழை. முன்பு எப்போதோ கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர்கள் ஒயரைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. தொங்கிய ஒயர் எக்ஸாஸ்ட் தகட்டில் உரசி, வெந்து, மழைத்தண்ணீர் குடித்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பல்பை ஹீட்டர் சப்ளையில் மட்டும் வையுங்கள். சிக்னல் ஒயரில் வைத்தால் ஈசிஎம்மே போகலாம்.

நம்பிக்கை: ஸ்கேனரில் 0.45 வோல்ட் நின்றால் பெட்ரோலும் காற்றும் சரியான கலவை.

உண்மை: நல்ல சென்சார் நிற்காது. என்ஜின் சூடான பின் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். அசையாத 0.45, பல கார்களில் ஈசிஎம் தானே ஊட்டும் வோல்ட். சிக்னல் அறுந்திருந்தால் அதுதான் தெரியும். கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துச் சிக்னல் பின்னையும் சிக்னல் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஸ்கேனரில் 0 வந்தால் ஈசிஎம் வரை ஒயர் நன்றாக இருக்கிறது. கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள சென்சார் அதிகம் அசையாமல் நிற்பது இயல்பு. ஐந்து, ஆறு ஒயர் கொண்ட வைட்பேண்ட் சென்சாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நம்பிக்கை: நிறம் பார்த்துச் சேர்த்து, சாலிடர் வைத்துவிட்டால் காலத்துக்கும் நிற்கும்.

உண்மை: பாஷ் நாலு ஒயர் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னல் எர்த். டென்சோ சென்சார் பலவற்றில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒன்றில் சிக்னலாக இருக்கும் கறுப்பு இன்னொன்றில் 12 வோல்ட் சுமக்கிறது. நிறத்தை நம்பி முறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியின் சர்க்யூட் படத்தில் பின் நம்பர் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். சாலிடரும் சென்சார் பக்கம் வேண்டாம். வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் சென்சார் ஆக்ஸிஜனை அளக்கிறது. பல சென்சார்களுக்கு அந்தக் காற்று ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயமும் ஃப்ளக்ஸும் அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் தடவுவதும் அப்படித்தான். கிரிம்ப் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றினால் போதும்.

விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடுகிறதே என்று விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சென்சார் பேச்சு இல்லாதபோது என்ஜின் குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. மிச்சம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிகிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் உள்ள அந்தப் பெட்டியின் விலை சென்சாரைப் போல் பல மடங்கு.

அக்காவின் காருக்கு ஒரு முழம் புது ஒயர், இரண்டு கிரிம்ப், ஒரு கிளிப் போட்டோம். நிச்சயப்படுத்திக்கொள்ளப் பழைய சென்சாரையே திரும்ப மாட்டி, கோடை அழித்து, தென்காசி வரை போய் வந்தோம். 0.1, 0.8, 0.2, 0.9 என்று ஸ்கேனரில் எண்கள் துள்ளிக்கொண்டே இருந்தன. புது சென்சார் அதன் டப்பாவோடு அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.