சோதனை வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கு

சந்தைக்கு வராத வண்டிக்கு மேனுவல் கிடையாது. அதன் பழுதைப் பற்றி எழுதப்போகும் முதல் ஆள் நீங்கள்தான். அதனால் இவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. ஸ்பேனருக்கு முன்னால் நோட்டை எடுங்கள். சத்தம் கேட்ட கிலோமீட்டர், வேகம், கியர், எஞ்சின் சூடு, ரோடு மேடா இறக்கமா என்று பக்கத்தில் இருப்பவர் அங்கேயே எழுதட்டும். மாலையில் எழுதலாம் என்று விட்டால், நமக்குப் பிடித்த காரணத்துக்கு ஏற்றபடி நினைவு வளைந்துவிடும்.

2. ஓடும்போது வண்டி முனகினால், ஆளில்லாத சமதள ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். எஞ்சின் தணிந்தும் முனகல் அப்படியே இருந்தால் டயர், வீல் பேரிங் பக்கம் தேடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து தணிந்தால் முதலில் பானெட்டைத் திறங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றவே கூடாது.

3. இடப்பக்கம் திரும்பும்போது முனகல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பாரம் அப்போது அங்கேதான் சாய்கிறது.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதை நான் கற்றது கொல்லிமலையில். அங்கே ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை பாதி மலையில் எங்கள் வண்டி திணறி நின்றது. பத்து நிமிடம் விட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கிறது என்று முடிவு கட்டி, பம்ப், குழாய், கார்பரேட்டர் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினேன். மறுநாளும் நின்றது. கூட வந்த இளைய மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று இல்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. இரண்டு பழுதுக்கும் வெளியே தெரியும் குறி ஒன்றுதான். முதலில் மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் என்னால் வீணாயிற்று, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

5. எண்ணெய் சொட்டும் இடமே ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். துடைத்து, டால்கம் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, முதலில் நனைந்த உயரமான இடத்தைப் பாருங்கள்.

6. வீடு சேருவதற்கான வைத்தியம் வேறு, டிசைனுக்குச் சொல்ல வேண்டிய சேதி வேறு. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமல், ஜெர்மனியில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். அது வழியோடு முடிந்தது. மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததை அவர் திரும்பி வந்து சொன்னார். கார்ல் பென்ஸ் மேடேற இன்னொரு கியர் சேர்த்தார். எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிது.

7. உடைந்த துண்டை எறியாதீர்கள். முறிந்த முகத்தில் மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வரிகள் இருந்தால், அது பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த வெடிப்பு. வரியே இல்லாமல் கரடுமுரடாக இருந்தால் ஒரே அடியில் போயிருக்கலாம். பொருந்துகிறதா என்று இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்காதீர்கள், உரசினால் தடயம் அழிந்துவிடும். தனித்தனியாகத் துணியில் சுற்றி, தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கட்டி, டிசைன் செய்தவர் மேசையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.