‘வெறும் வயிற்றில்’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கிளினிக்கில் நோயாளிகளிடம் கொடுத்தனுப்புகிற மஞ்சள் தாள் ஒன்று என் மேசையில் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவர் கொண்டுவந்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததால் மடிப்பெல்லாம் ஒட்டுப்பால் பிசுக்கு. முன்பக்கம், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பற்றி நீங்கள் அச்சடித்த பதினாறு வரிகள். பின்பக்கம் உங்கள் கையெழுத்து: பான்டோப்ரசோல் 40, காலை 1, வெறும் வயிற்றில், தொடரவும்.

நாம் நேரில் பழகியதில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரே வேலையைச் செய்கிறோம், அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் வயது டாக்டர்கள் பலரும் இதே இரண்டு சொற்களை எழுதுவதால்தான் தபாலில் அனுப்பாமல் இதழுக்கு எழுதுகிறேன். உங்கள் பெயர் இதில் வராது.

அந்தப் பால்வெட்டுக்காரருக்கு எண்டோஸ்கோபி பார்த்த பிறகுதான் மாத்திரை தொடங்கியிருக்கிறீர்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் லேசான புண், வேறு கோளாறு இல்லை என்று ரிப்போர்ட். சரியான நோய், சரியான மருந்து, சரியான அளவு. ஆனாலும் பதினொரு மாதமாக நெஞ்செரிச்சல் தீரவில்லை. “இந்த மாத்திர எனக்குப் பிடிக்கல்ல சாரே, வேற எழுதித் தாங்க” என்று கேட்டு வந்தார். எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்றேன்.

“மூணரைக்கு. வெறும் வயித்துலதானே போடச் சொன்னாவ. போட்டுக்கிட்டுத்தான் கத்தி எடுப்பேன்.”

“சாப்பிடுவது?”

“ஒம்பது, ஒம்பதர ஆயிரும். நடுவுல ஒரு கட்டன் சாயா.”

தம்பி, அவர் உங்கள் எழுத்தை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். தவறு அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. வெறும் வயிறு என்பது பாதிச் செய்தி. வயிறு வெறுமையாக இருக்கும்போது மருந்து உள்ளே போக வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு பின்னால் வர வேண்டும் என்ற மறுபாதி இல்லை. மருந்தியலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் அமிலம் சுரக்கிற பம்புகளில் வேலை செய்துகொண்டிருக்கிற பம்பைத்தான் இந்த மருந்து பிடிக்கும், தூங்குகிற பம்பைத் தொடாது, சாப்பாடுதான் பம்பை எழுப்பும், இரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள் ஒன்றிரண்டு மணி நேரம்தான். இதெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். மூன்றரை மணிக்குப் போட்ட மாத்திரை ஒன்பதரை மணிக் கஞ்சிக்காகக் காத்திருக்குமா? பம்புகள் விழிக்கிற நேரத்தில் இரத்தத்தில் அது பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கும்.

அவருக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். மரத்தில் விடிவதற்கு முன்பே சிரட்டையைக் கட்டிவிட்டு, கத்தி வைக்கிற நேரத்தில் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பால் எங்கே விழும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினோரு மாசமும் மண்ணுலதான் விழுந்துருக்கு” என்றார். இந்த மருந்து வேலை செய்யும் விதத்தை அவரை விடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் கேட்டதில்லை.

நம் மாவட்டத்தில் காலை ஏழரைக்கு இட்லி சாப்பிடுகிறவர் எத்தனை பேர்? விடியுமுன்னே வலை இழுக்கப் போகிறவர், முதல் பஸ்ஸில் முந்திரி ஆலைக்குப் போகிற பெண், இரவுக் காவல் முடிந்து வந்து படுத்து மத்தியானம் முதல் சாப்பாடு சாப்பிடுகிறவர். இவர்களுக்கு ‘காலை’ என்ற சொல்லே பொருந்தாது. சீட்டு எழுதுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளின் முதல் முழுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? அந்த மணிக்கு அரை மணி முன்னதாக வருகிற கடிகார நேரத்தையே எழுதிக் கொடுங்கள். முப்பது வருடமாக நான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வருகிறேன். என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொண்டவர்கள் இன்றைக்கு நேரம் எழுதுகிறார்கள்.

எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் ஏழாம் வரி சொல்வதையும் எடுத்துவிடுங்கள். முழுப் பலன் வர மூன்று நாளாவது ஆகிற மருந்து எரிகிற நேரத்துக்கு உதவாது. அந்த நேரத்துக்கு இரண்டு ஸ்பூன் ஆன்டாசிட் போதும்.

இனி அந்தக் கடைசிச் சொல். ‘தொடரவும்.’

இதைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. காரணம் இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு மாத்திரை கொடுத்தபோது வயிற்றைக் காக்க பான்டோப்ரசோலும் எழுதினேன். வலி மாத்திரை இரண்டு மாதத்தில் நின்றது. மற்றது நிற்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் சீட்டில் ‘தொடரவும்’ என்று நான்தான் எழுதினேன். ஏழு வருடம். ஒருநாள் விரல்கள் மடங்கி இறுகி, உடம்பெல்லாம் துடிக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்சியம் குறைந்திருந்தது. ஊசியில் ஏற்றினோம், நிற்கவில்லை. மறுபடி ஏற்றினோம், மறுபடி இறங்கியது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர்தான் மக்னீசியம் பார்ப்போமா சார் என்று கேட்டார். 1.7-க்குக் கீழே போகக் கூடாதது 0.6-இல் நின்றது. மக்னீசியம் கொடுத்து, மாத்திரையை நிறுத்திய பிறகுதான் அவர் உடம்பு தெளிந்தது.

இந்த வகை மாத்திரையை, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், தொடர்ந்து எடுப்பவர்களுக்கு மக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2011 மார்ச்சிலேயே எச்சரித்திருந்தது. நான் படித்திருந்தேன். என் நோயாளிகளில் ஒருவருக்கு அது வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஏழு வருடத்தில் ஏதாவது ஒரு சீட்டில் கடைசித் தேதி என்று ஒன்று எழுதியிருந்தால், அந்தத் தேதி என்னை நிறுத்திக் கேட்டிருக்கும்: எதற்காகத் தொடங்கினாய், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? அந்த அம்மா இன்றும் என்னிடம்தான் வருகிறார். என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது எனக்குப் பெரிய பாரம்.

எங்கள் தலைமுறை ஏன் இந்த மாத்திரையை நிறுத்தத் தயங்கியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1978-இல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நான் ஹவுஸ் சர்ஜன். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியில் கொண்டுவருவார்கள். அசையாமல் கிடப்பார், மூச்சைக்கூட மேலாக விடுவார், வயிற்றில் கை வைத்தால் பலகை. குடற்புண் ஓட்டை போட்டிருக்கும். இன்னொரு வகை, மெலிந்து எலும்பாக வருகிறவர்கள். இரைப்பையின் வாய் தழும்பில் மூடியிருக்கும். நேற்று மத்தியானம் தின்ற சோறு இன்று இரவு அப்படியே வெளியே வரும். இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தால் பாதி நிறைந்த குடம்போலத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை உங்கள் வயது டாக்டர்கள் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் டிரங்கல் வேகாட்டமி, ஜி.ஜே. என்று பட்டியல் போட்டு அறுப்போம். வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பைக்கும் குடலுக்கும் புதுவழி தைப்பது.

அதற்கும் முன்னால் நம் நெய்யூர் இருக்கிறது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். நம் பக்கத்து மக்களின் குடற்புண்ணை அறுத்து அறுத்தே கை தேர்ந்தவர். இரைப்பை, முன்சிறுகுடல் அறுவைக்கு 1948-இல் ஒரு நூலே எழுதினார். நான் தொழில் தொடங்கிய காலத்தில் தொப்புளுக்கு மேலே நெடுக்குத் தழும்போடு வருகிற பெரியவர்களிடம் எங்கே செய்தது என்று கேட்டால் நெய்யூர் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

1976-இல் இங்கிலாந்தில் சிமெடிடின் வந்தது. எங்கள் கைக்கு வந்தபோது வார்டில் கட்டில்கள் காலியாவதைக் கண்ணால் பார்த்தோம். 1988-இல் ஐரோப்பாவில் ஒமெப்ரசோல் வந்தது. பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்த் நகரத்து மார்ஷலும் வாரனும் காட்டினார்கள். 2005-இல் நோபல் வாங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டபோது என் சர்ஜரி ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நான் வெட்டிய நரம்புகளில் எத்தனையை விட்டுவைத்திருக்கலாம் என்று மட்டும் கேட்டார். ராத்திரி இரண்டு மணிப் பலகை வயிறுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கை வருமா? நன்றியும் பயமும் சேர்ந்து எங்களை எழுதவைத்த சொல் ‘தொடரவும்’. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. பழக்கம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நிறுத்தினால் நோயாளி திரும்ப வந்து எரிகிறது என்பார், அதனால்தான் தொடர்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். எரியும்தான். 2009-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் எஸொமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு நோய்போல எரிகிறது என்றால், நம் நோயாளி எரிகிறது என்று வரும்போது அதை நோய் என்றே எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுவது எவ்வளவு பெரிய பிழை! அதனால் தொடங்குகிற நாளிலேயே சொல்லிவிடுவேன்: நிறுத்திய பின் இரண்டு மூன்று வாரம் எரியலாம், வயிறு பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கிற நேரம் அது. பாதி அளவுக்கு இறக்கி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் ஆன்டாசிட் அல்லது ராத்திரி ஒரு ஃபமோடிடின். சொல்லி அனுப்பியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டவர்கள் மருந்துக்கடைக்கு நேராகப் போவார்கள்.

எல்லோருக்கும் கடைசித் தேதி உண்டு என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர், முன்பு புண்ணில் இரத்தம் கசிந்தவர், உணவுக்குழாய்ப் புண் முற்றியவர், இவர்களிடம் கை வைக்காதீர்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஒமெப்ரசோலைத் தவிர்த்து பான்டோப்ரசோல் எழுதுவதில் நீங்கள் கவனமாக இருப்பது பதினைந்தாம் வரியில் தெரிகிறது. முழங்கால் வலிக்காரருக்கு மட்டும் தேதி சுலபம். வலி மாத்திரை நிற்கிற நாளே இதற்கும் கடைசி நாள்.

குறை இவ்வளவுதான். உங்கள் தாளில் ஒரு நல்ல காரியம், நோயாளியைப் பயமுறுத்தவில்லை. சிறுநீரகம் போகும், எலும்பு நொறுங்கும், மறதி வரும் என்று அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை விட்டால் யார் பொறுப்பு? 2019-இல் வந்த காம்பஸ் ஆய்வில் 17,598 இதயநோயாளிகளை மூன்று ஆண்டு பார்த்தார்கள். பான்டோப்ரசோல் எடுத்தவர்களிடம் தெளிவாகக் கூடியிருந்தது குடல் தொற்று ஒன்றுதான், 1.4 சதவீதம், மற்றவர்களில் 1.0.

பதினொன்று முதல் பதின்மூன்று வரையான வரிகளை என்ன சொல்லிப் பாராட்டுவது! இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இரத்தம் கசிந்த மலம் தார்போலப் பளபளத்து ஒட்டும், நாற்றம் வீட்டையே தூக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தில் இந்த வாக்கியம் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்றவர் எழுதியது. அடுத்து, வியர்வையோடு நெஞ்சு எரிந்து தாடைக்கோ தோளுக்கோ பரவினால் கேஸ் என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள், எங்கள் மாத்திரையையும் தேடாதீர்கள், ஈ.சி.ஜி. எடுக்கிற இடத்துக்கு ஓடுங்கள் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு சோடாவுக்குப் போன நேரம்தான் உயிரைக் கொண்டுபோயிற்று. இந்த மூன்று வரிகளை என் காத்திருப்பு அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்வெட்டுக்காரருக்கு நான் மருந்தை மாற்றவில்லை. அதே பான்டோப்ரசோல் 40. கடைசி மரத்தில் கத்தியைத் துடைத்து உறையில் போடுகிறபோது ஒன்று போட வேண்டும். அங்கிருந்து வீடு முக்கால் மணி நடை, போனதும் கஞ்சி. மூன்றாம் வாரத்தில் வந்தார், மரச்சீனியும் மீன்குழம்பும் தின்ன முடிகிறது என்றார். எட்டு வாரம் முடிகிற தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு என்னிடம் வர வேண்டாம், உங்களிடம் போகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பின்பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. ‘தொடரவும்’ என்பதை உங்கள் பேனாவாலேயே அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து மூத்த டாக்டர்